பழைய காருக்குள் புகை வருகிறதா? அறிகுறியை வைத்து ஓட்டையைக் கண்டுபிடிப்பது

அம்மாவுக்குக் கார் ஒத்துக்காது என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். திண்டுக்கல்லில் ஏறினால் கொடைரோடு வருவதற்குள் கையில் எலுமிச்சம்பழம், மடியில் கேரி பேக். வண்டி 1998 மாடல் மாருதி ஆம்னி. ஒரு தீபாவளி சமயத்தில் அது ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் பஸ்ஸில் போனோம். மதுரை வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே வந்தார் அம்மா. அவருக்கு ஒத்துக்காதது கார் இல்லை, எங்கள் கார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் மூன்று மாதம் அந்த வண்டியோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புகை உள்ளே வர இரண்டு ஓட்டை வேண்டும். ஒன்று புகைக்குழாயில். இன்னொன்று வண்டியின் உடம்பில். மெக்கானிக் முதல் ஓட்டையை அடைத்து, பில் போட்டுக் கொடுத்துவிடுவார். இரண்டாவது அப்படியே இருக்கும். இதில் ஒரு சிக்கலும் உண்டு: குழாயின் பின்முனை எப்போதும் திறந்தேதான் இருக்கிறது. அதனால் சைலன்சர் புத்தம் புதிதாக இருந்தாலும் உடம்பில் ஓட்டை இருந்தால் புகை வரலாம்.

அடுத்தது, மூக்கை நம்பாதீர்கள். ஆளைக் கொல்வது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. நமக்கு அடிக்கும் வாசம் சரியாக எரியாத பெட்ரோலுடையது, எண்ணெயுடையது. வாசம் வந்தால் புகை வருகிறது என்று அர்த்தம். வாசம் வரவில்லை என்றால் புகை வரவில்லை என்று அர்த்தமில்லை. கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தால் மூக்கும் பழகிவிடும்.

பழைய வண்டி ஏன் மோசம்? சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமானதே 1995 ஏப்ரலில்தான். மற்ற ஊர்களுக்கு அது வந்து சேர இன்னும் சில வருடங்கள் ஆயின. பாரத் ஸ்டேஜ்-2 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு முந்தைய கார்களுக்குப் புகைச் சான்றிதழ் கொடுக்க, ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது, புகையில் 3 சதவீதம் வரை கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். 3 சதவீதம் என்றால் 30,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). காற்றில் 800 பிபிஎம் இருந்தாலே முக்கால் மணி நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வரும், இரண்டு மூன்று மணி நேரத்தில் உயிர் போகலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். முறையாகச் சான்றிதழ் வாங்கிய வண்டியின் புகை, உள்ளே இருக்கும் காற்றில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு கலந்தால் போதும். டீசலில் இது குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை.

சரி, அறிகுறிகளுக்கு வருவோம்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கம். வண்டியை விட்டு இறங்கினால் குறைகிறது

இது ஓட்டை தேடும் நேரமல்ல. ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்குங்கள். உடனே நிறுத்த இடமில்லாத சாலை என்றால் முன் ஜன்னல்கள் இரண்டையும் முழுக்க இறக்கி, ஃபேனை வெளிக்காற்று எடுக்கும் நிலையில் வேகமாக வைத்து, நிறுத்த இடம் கிடைக்கும் வரை மட்டும் ஓட்டுங்கள். பின் ஜன்னலை மட்டும் திறப்பது தப்பு. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வண்டியில் வந்த எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி என்றால் வெயில், ஏசி, காலையில் சாப்பிட்ட பரோட்டா என்று காரணம் தேடாதீர்கள். யாராவது குழறிப் பேசினால், மயங்கினால், நெஞ்சு வலி என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். கர்ப்பிணி இருந்தால், லேசான தலைவலி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வயிற்றுப் பிள்ளையின் ரத்தம் இந்த வாயுவை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

ஆஸ்பத்திரியில் “காருக்குள் புகை வந்தது” என்று நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கொரோனா சமயத்தில் எல்லோரும் வாங்கி வைத்தோமே, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், அது இங்கே ஏமாற்றும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தம் போலவே எடுத்துக்கொண்டு 98, 99 என்று காட்டும். ரத்தம் எடுத்து கார்பாக்சிஹீமோகுளோபின், அதாவது இந்த வாயு ஒட்டிய ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டுகிறது. வெளிக்காற்றை மட்டும் சுவாசித்தால் பாதி இறங்கவே 4 முதல் 6 மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். “இறங்கி டீ குடித்தால் சரியாயிடும்” என்று மறுபடி ஏறி ஓட்டினால் பழைய பாக்கியோடு புதுக் கணக்கும் சேரும். அம்மாவை அப்படி எத்தனை தடவை ஏற்றியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

நின்றிருக்கும்போது மட்டும் வாசம், ஓட ஆரம்பித்தால் போய்விடுகிறது

முதலில் அது உங்கள் வண்டிதானா என்று பாருங்கள். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஷேர் ஆட்டோவாகவும் இருக்கலாம். காலி மைதானத்தில் நிறுத்தி, ஐடிலிங்கில் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். கதவு, கண்ணாடியெல்லாம் திறந்தே இருக்கட்டும்.

அப்போதும் வந்தால் கசிவு பெரும்பாலும் முன்பக்கம், அதாவது எஞ்சின் பக்கம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து வரும் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் இரும்புப் பாகம்) பேக்கிங், அல்லது மேனிஃபோல்டும் முன்குழாயும் சேரும் இணைப்பான ஃபிளாஞ்ச். அங்கே கசியும் புகை பானெட்டுக்குள் தேங்கி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்று வழி மூலமாக ஃபேனுக்குப் போகும். பானெட்டின் பின் ஓரத்தில் ஒரு ரப்பர் இருக்கும். எஞ்சின் காற்றையும் அந்த வழியையும் பிரித்து வைப்பதே அதுதான். இருபது வருட வண்டியில் அது பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும், இல்லையென்றால் பெயிண்ட் அடித்தபோது கழற்றியவர்கள் திரும்ப மாட்டியிருக்க மாட்டார்கள். விலை குறைந்த சாமான். அதனால்தானோ என்னவோ யாரும் கண்டுகொள்வதில்லை.

ஆம்னிக்காரர்களுக்கு இது தனிக் கதை. எஞ்சின் நம் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. நடுவில் ஒரு தகர மூடி, அதைச் சுற்றி ஒரு ரப்பர் பீடிங், இறுக்க கிளிப்புகள். அவ்வளவுதான். ஒவ்வொரு சர்வீஸுக்கும் மூடியைத் திறக்கிறார்கள். ரப்பர் சூட்டில் காய்ந்து கல்லாகிவிடும். ஒரு கிளிப் போடாமல் விட்டாலும் வெளியே தெரியாது. சீட்டைத் தூக்கிப் பார்த்தால் மூடியின் அடி ஓரத்தில் புகை ஓடிய கறுப்புக் கோடு தெரியும். என் வண்டியில் அது கண் மை தீட்டிய மாதிரி இருந்தது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டக் டக்’ சத்தம், சூடானதும் நின்றுவிடுகிறது

இது மேனிஃபோல்ட் பேக்கிங் போனதற்கும், மேனிஃபோல்டிலேயே விரிசல் விட்டதற்கும் நல்ல அடையாளம். இரும்பு குளிர்ச்சியாக இருக்கும்போது இடைவெளி திறந்திருக்கும், சூடானால் விரிந்து மூடிக்கொள்ளும். எஞ்சின் வால்வுப் பக்கம் வரும் டேப்பெட் சத்தம் என்று நினைத்து டேப்பெட் செட்டிங் செய்துகொள்பவர்கள் நிறைய. சத்தம் நின்றதும் கசிவும் முழுக்க நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். மேனிஃபோல்டை எஞ்சினோடு இறுக்கும் திருகான ஸ்டட் ஒன்றிரண்டு முறிந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். முறிந்த ஸ்டட்டை எடுக்கச் சோம்பல்பட்டு மீதி நட்டுகளை மட்டும் இறுக்கினால் புதுப் பேக்கிங்கும் கொஞ்ச நாளில் ஊதிவிடும்.

ஓடும்போதுதான் வாசம், அதுவும் பின்சீட்டில் அதிகம்

இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறோம். ஓடும் காருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. பஸ் போன பிறகு சாலையில் கிடக்கும் தாளும் தூசியும் அதன் பின்னாலேயே சுழன்றுகொண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் குழாயிலிருந்து வரும் புகையும் அப்படித்தான் காரின் முதுகில் சுழன்றுகொண்டே வரும். டிக்கியிலோ பின் கதவிலோ இடைவெளி இருந்தால் உள்ளே நுழையும். பின் ஜன்னலை மட்டும் திறந்தால் அது உள்காற்றை வெளியே உறிஞ்சும், அந்த இடத்தை நிரப்பப் பின்பக்கப் புகை உள்ளே வரும். முன் ஜன்னலையும் வெளிக்காற்றையும் திறக்கச் சொன்னது இதனால்தான். செடான் கார்களைவிட, பின்பக்கம் பெட்டி மாதிரி செங்குத்தாக முடியும் ஆம்னி, ஜீப், பழைய ஸ்டேஷன் வேகன்களில் இது அதிகம்.

வாழைத்தார், கீற்று, பீரோ என்று எதையாவது ஏற்றிப் பின் கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டுவது நம் ஊரில் சர்வசாதாரணம். எந்தக் கோளாறும் இல்லாத வண்டியைக்கூட இது விஷக்கூண்டாக்கிவிடும். சாமானை மேலே கேரியரில் கட்டுங்கள். முடியவே முடியாதென்றால் முன் ஜன்னல் முழுக்கத் திறந்து, ஃபேன் வெளிக்காற்றில் ஓட, பின்னால் ஆளை உட்கார வைக்காமல், பக்கத்திலேயே இறக்கிவிடுங்கள்.

பீடிங்கைச் சோதிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. ஒரு துண்டுக் காகிதத்தை டிக்கியின் ஓரத்தில் வைத்து மூடி, காகிதத்தை இழுங்கள். பிடித்து இழுபட்டால் நல்லது. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் போயிற்று. சுற்றிலும் ஒரு சாண் இடைவெளியில் வைத்துப் பாருங்கள். டெயில் லைட்டைச் சுற்றியுள்ள பேக்கிங், நம்பர் பிளேட் லைட் வயர் போகும் துளை, பின் சக்கர வளைவுக்குள் துரு தின்ற இடம் எல்லாம் இதே கணக்கில்தான் வரும். மழைத் தண்ணீர் டிக்கிக்குள் வருகிற வண்டியில் புகையும் வரும்.

குழாயின் நுனி பம்பருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். துரு பிடித்த நுனியை வெட்டிவிட்டு அப்படியே விட்டிருந்தால் புகை வண்டிக்கு அடியிலேயே கொட்டும்.

மேடு ஏறும்போது, லோடு இருக்கும்போது வாசம்

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது மட்டும் வாசம் வருகிறது என்றால் நடுக்குழாயையும் சைலன்சரையும் பாருங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்தக் குழாயில் அழுத்தம் கூடும். சாதாரணமாக மூடிக்கிடக்கும் ஊசித்துளையும் ஊத ஆரம்பிக்கும். உள்ளே வரும் வழி தரை: கியர் லீவர் ரப்பர், ஹேண்ட் பிரேக் துளை, தரை விரிப்புக்கு அடியில் இருக்கும் வட்ட ரப்பர் அடைப்புகள்.

இரவில் தரை விரிப்பையெல்லாம் எடுத்துவிட்டு, வெளியிலிருந்து ஒருவரைக் காருக்கு அடியில் டார்ச் அடிக்கச் சொல்லி, நீங்கள் உள்ளே குனிந்து பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ அங்கெல்லாம் வழி. எங்கள் வண்டியில் எண்ணும்போது நட்சத்திரம் பார்ப்பது மாதிரி இருந்தது என்று தம்பி இன்னமும் கேலி செய்கிறான். ஊதுபத்தி புகையை வைத்துத் தேடச் சிலர் சொல்வார்கள். பெட்ரோல் வண்டிக்குப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம், டார்ச் போதும்.

ஃபேனைப் போட்டால் வாசம், அணைத்தால் இல்லை

முன்பக்கக் கசிவுதான், மேலே சொன்னபடி. வேறு வழியில் புகை வரும்போது ஏசியை உள்காற்றிலேயே சுழலவிட்டால், வாசம் குறைந்த மாதிரி இருக்கும். உண்மையில் வந்த புகை வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போகும். சந்தேகம் இருக்கும்வரை உள்சுழற்சியைத் தொடாதீர்கள்.

வாசம் வேறு மாதிரி

பச்சைப் பெட்ரோல் வாசம் என்றால் எரிபொருள் குழாயையோ கார்புரேட்டரையோ பாருங்கள். அது தீப்பிடிக்கும் சமாச்சாரம், வண்டியை எடுக்கவே வேண்டாம். கருகிய எண்ணெய் வாசம் என்றால் டேப்பெட் கவர் பேக்கிங்கில் எண்ணெய் வடிந்து மேனிஃபோல்டில் சொட்டுகிறது. எல்பிஜி கிட் போட்ட வண்டியில் சமையல் கேஸ் மாதிரி நாறினால் வால்வை மூடிவிட்டு, சுவிட்ச் எதையும் தொடாமல், கதவைத் திறந்து விலகி நில்லுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கி நிற்கும்.

வாசமே இல்லை, ஆனால் சந்தேகம்

மீட்டர் வாங்குங்கள். எண் காட்டும் கையடக்க மீட்டராக இருக்கட்டும். வீட்டுக்கென்று விற்கும் அலாரங்கள் காருக்கு லாயக்கில்லை. அமெரிக்க யுஎல் தரப்படி செய்தவை 70 பிபிஎம் இருந்தால்கூட ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் கத்தும். அதற்குள் மதுரை வந்துவிடும்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: திறந்த வெளியில் பூஜ்யம் வர வேண்டும். நெரிசலில் சில எண்கள் ஏறி இறங்குவது மற்ற வண்டிகளால். 9க்கு மேல் தொடர்ந்து நின்றால் ஓட்டை தேடுவேன். அமெரிக்காவில் வெளிக்காற்றுக்கு 8 மணி நேரச் சராசரியாக வைத்திருக்கும் எல்லை அது. 35ஐத் தொட்டால் வண்டியை நிறுத்திவிடுவேன்.

நின்ற வண்டியில் தூங்குவது

ஏசி போட்டுக்கொண்டு பழைய காரில் தூங்காதீர்கள். ஓடும்போது பின்னால் சிதறிப்போகும் புகை நின்ற வண்டியைச் சுற்றியே தேங்கும். காம்பவுண்ட் சுவரை ஒட்டியோ, உயரமான புல் மேலோ, ஷெட்டுக்குள்ளோ பின்பக்கத்தை நிறுத்தியிருந்தால் இன்னும் மோசம். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு, தரையில் இருந்த ஒரு துளை வழியாக உள்ளே வந்ததாக விசாரித்த என்ஐடி நிபுணர் குழு கண்டறிந்தது. அங்கேயும் கணக்கைத் தீர்மானித்தது இரண்டாவது ஓட்டைதான்.

குழாய் ஓட்டையைக் கண்டுபிடிப்பதும் அடைப்பதும்

எஞ்சின் ஆறிய பிறகு செய்யுங்கள். வாக்குவம் கிளீனரில் காற்று வெளியே தள்ளும் பக்கத்தைப் பின்குழாயில் துணி சுற்றிச் செருகி ஓடவிடுங்கள். சோப்புத் தண்ணீரை மேனிஃபோல்டிலிருந்து பின்னால் வரை ஒவ்வொரு இணைப்பிலும் தெளித்துக்கொண்டே வாருங்கள். நுரை கிளம்பும் இடம் ஓட்டை. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே நுழைய வேண்டாம். ஒர்க்‌ஷாப் பிட்டோ ஸ்டாண்டோ இருக்கட்டும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரும் உண்டாகிறது. தூரம் ஓடினால் அது ஆவியாகப் போய்விடும். மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் சைலன்சருக்குள்ளேயே தேங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். அதனால் ‘கம்மியாத்தான் ஓடுது’ என்பது சைலன்சருக்கு நல்ல சான்றிதழ் இல்லை. கடற்கரை ஊர் என்றால் வெளியிலிருந்தும் உப்பு தின்னும்.

பேஸ்ட், பேண்டேஜ் எல்லாம் ஊர் போய்ச் சேரும் வரைக்கும்தான். தகரம் மெலிந்துவிட்ட சைலன்சரில் வெல்டிங் வைத்தால் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த ஓட்டை விழும், மாற்றிவிடுவதே லாபம். வெல்டிங்தான் என்றால் பெட்ரோல் டேங்க் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து, பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். தரை ஓட்டைக்கு டிங்கரிங் கடை, சின்னத் துளைக்கு அதில் செருகும் ரப்பர் கிராமெட், தையல் விட்ட ஓரத்துக்கு பாடி சீலண்ட்.

ரிப்பேர் முடிந்த பிறகு

மீட்டரைப் பின்சீட்டில் வைத்து அரைமணி நேரம் ஓட்டுங்கள். பாதி நேரம் ஜன்னல் மூடி, பாதி நேரம் பின் ஜன்னல் மட்டும் திறந்து. எண்ணைப் பார்க்கப் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

எங்கள் வண்டிக்குப் புது சைலன்சரும் மேனிஃபோல்ட் பேக்கிங்கும் போட்டதும் வாசம் சுத்தமாகப் போயிற்று. மெக்கானிக் சாவியைக் கொடுத்துவிட்டு “இனி மல்லிகைப்பூ வாசம்தான் சார்” என்றார். மீட்டர் 14 காட்டியது. எஞ்சின் மூடியின் பீடிங்கை மாற்றினேன், 11. பின் கதவு பீடிங்கை மாற்றினேன், அசையவில்லை. கடைசியில் அகப்பட்டது, முன்பு எப்போதோ ஸ்பீக்கர் வயர் இழுக்கத் தரையில் போட்ட துளை. கிராமெட் இல்லாமல், கட்டைவிரல் நுழையும் அளவில், பின்சீட்டில் அம்மா கால் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே. இருபது ரூபாய் ரப்பரை அழுத்திவிட்டு மறுபடி கொடைரோடு வரை ஓட்டினேன். 2. அதுவும் முன்னால் போன மணல் லாரியைத் தாண்டியதும் பூஜ்யமாகிவிட்டது.